பூட்டுக் குறி எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை

சொந்தக் கணினியில் வங்கி வேலை பார்ப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு விதமான அறிவுரை கேட்கும். "முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பயமில்லை" என்பார் ஒருவர். "கணினியில் பேங்கிங்கே ஆபத்து, அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அரைகுறை. பூட்டுக் குறி காட்டும் பாதுகாப்பு உண்மையானது, மிகவும் வலுவானதும்கூட. ஆனால் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதோடு மோதுவதே இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருகிறார்கள். அந்த வேறு வழிகள் எவை என்று புரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தானாகத் தெளிவாகும்.

ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாராலும் பிரிக்க முடியாத உறையில் வைத்து ஒட்டி அனுப்புகிறீர்கள். வழியில் எத்தனை கை மாறினாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. சரி, அதோடு கவலை தீர்ந்ததா? உறையின் மேல் விலாசம் தவறாக இருந்தால், அந்தக் கடிதம் தவறான ஆளிடம் மிகப் பத்திரமாகப் போய்ச் சேரும். நீங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதும்போதே ஒருவர் பின்னால் நின்று படித்துவிட்டால், உறை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. ஆக, கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று: எழுதும் மேசை, போகும் வழி, சேரும் விலாசம். பூட்டுக் குறி வழியைக் காக்கிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் பொறுப்பு.

## வழி: கவலை குறைவான பகுதி

நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு நேராக வங்கியின் சர்வருக்குப் போய்விடுவதில்லை. ரூட்டர், இணையச் சேவை நிறுவனம், அதற்கப்பால் யார் யாருடையதோ ஆன பல கருவிகள் என்று கைமாறித்தான் போகிறது. இவற்றில் எந்த இடத்திலும் ஒருவர் நின்று எட்டிப் பார்க்கலாம். இதைத் தடுப்பதற்குத்தான் குறியாக்கம். சரியான சாவி இல்லாதவர் கண்ணுக்கு அர்த்தமற்ற குப்பையாகத் தெரியும்படி தகவலை மாற்றிவிடும் கணக்கு முறை அது. சாவி என்பது இங்கே மிகப் பெரிய ஓர் எண், அவ்வளவுதான்.

முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் குறியாக்கம் நடக்கிறது என்று பொருள். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசருக்காக உருவாக்கிய முறை பலமுறை திருத்தப்பட்டு, இப்போது டிஎல்எஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதன் 1.3 பதிப்பு 2018இல் வெளியானது.

இதில் ஒரு புதிர் உண்டு. உங்கள் கணினியும் வங்கியின் சர்வரும் முன்பின் சந்தித்ததில்லை. எல்லாரும் ஒட்டுக்கேட்கக்கூடிய கம்பியில்தான் பேச வேண்டும். பிறகு எப்படி இருவருக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்வது? டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் 1976இல் இதற்கு ஒரு வழி வெளியிட்டார்கள். இரு தரப்பும் ஆளுக்கொரு ரகசிய எண்ணைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணைப் போட்டுச் செய்த கணக்கின் விடையை மட்டும் எதிர்த் தரப்புக்கு அனுப்புகின்றன. வந்த விடையோடு தன் ரகசிய எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும். ஒட்டுக்கேட்டவரிடம் விடைகள் மட்டும் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிப் போய் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க நடைமுறையில் முடியாத அளவுக்குக் காலம் பிடிக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் புதிய சாவி உருவாகும். இணையத்தில் நடக்கிற விஷயங்களில் இதைவிட அழகான ஒன்று எனக்குத் தெரியாது.

ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்குத்தான் சான்றிதழ். இன்ன இணைய முகவரிக்கு உரிய சாவி இதுதான் என்று மூன்றாம் தரப்பு ஒன்று மின் கையெழுத்திட்டுத் தரும் சிறு கோப்பு அது. அந்த மூன்றாம் தரப்புக்குச் சான்றளிப்பு நிறுவனம் என்று பெயர். எந்தெந்தச் சான்றளிப்பு நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் பிரவுசரிலோ இயங்குதளத்திலோ முன்பே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரின் கையெழுத்து சரியாக இருந்தால் பக்கம் திறக்கும், இல்லையென்றால் பெரிய எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போவதற்கு வங்கி விஷயத்தில் எந்த நியாயமான காரணமும் இருக்க முடியாது.

இந்த ஏற்பாடும் சறுக்கியதுண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் 2011இல் ஊடுருவியவர்கள், கூகுள் உட்படப் பல முகவரிகளுக்குப் போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துக்கொண்டார்கள். விஷயம் வெளியானதும் பிரவுசர்கள் அந்த நிறுவனத்தை நம்பகப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் அது திவாலானது. நம்பிக்கையை விற்கும் தொழிலில் அந்தத் தண்டனை சரிதான்.

பொது வைஃபை பற்றிய பயமும் இந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். ஒரு காலத்தில் அது நியாயமான பயம். பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் குறியாக்கிவிட்டு மற்றதைத் திறந்துவைத்திருந்தன. அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அடுத்தவரின் கணக்குக்குள் புகலாம் என்பதை 2010இல் ஃபயர்ஷீப் என்ற இலவச பிரவுசர் துணை மென்பொருள் ஊருக்கே காட்டியது. அதற்குப் பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. வங்கிப் பக்கங்கள் முழுவதும் குறியாக்கத்தில்தான் வருகின்றன. இப்போது பொது வைஃபையில் இருப்பவர் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை ஊகிக்கலாம், அங்கே என்ன செய்தீர்கள் என்பதைப் படிக்க முடியாது. விபிஎன் விளம்பரங்கள் மட்டும் இன்னும் 2010லேயே வாழ்கின்றன. விபிஎன் உங்கள் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடும். தவறான விலாசத்துக்குப் போவதையோ மேசையில் நடக்கும் திருட்டையோ அது தடுக்காது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உறை கெட்டியானது. இடையில் நின்று படிப்பது இன்று மிகக் கடினம். எனவே திருடர்கள் மற்ற இரண்டு இடங்களில் குவிந்திருக்கிறார்கள்.

## விலாசம்: பூட்டு சொல்லாத செய்தி

பெரும்பாலான சான்றிதழ்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டுமே உறுதி செய்கின்றன: அந்த இணைய முகவரி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்தான் இந்தச் சாவிக்கு உரியவர். அவர் நல்லவரா, அவர் நடத்துவது வங்கியா என்பதெல்லாம் அதில் இல்லை. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் சான்றிதழை இலவசமாக, சில நிமிடங்களில் தருகின்றன. இணையம் முழுவதும் குறியாக்கத்துக்கு மாறியதில் இவற்றின் பங்கு பெரியது. அதே இலவசச் சான்றிதழ் மோசடிக்காரருக்கும் கிடைக்கும். வங்கியின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, அதைப் போன்ற பெயரில் ஒரு முகவரி வாங்கி, முறையான சான்றிதழும் போட்டுவிட்டால் போலித் தளத்திலும் பூட்டு ஜம்மென்று வரும்.

பூட்டு இருந்தால் தளம் நம்பகமானது என்று நினைப்பவர்கள் ஏராளம். கூகுள் 2021இல் வெளியிட்ட தன் ஆய்வில், பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேர்தான் பூட்டுக் குறியின் பொருளைச் சரியாகச் சொன்னதாகத் தெரிவித்தது. கடைசியில் 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு, செட்டிங்ஸைக் குறிக்கும் வேறொரு படத்தை வைத்தார்கள். "பூட்டைப் பாருங்கள்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது முகவரியை. அதைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. எச்டிடிபிஎஸ்ஸையும் அதை ஒட்டிய இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிட்டு, அடுத்து வரும் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு உங்கள் வங்கியின் முகவரி 'மைபேங்க்.காம்' என்று வைத்துக்கொள்வோம். 'லாகின்.மைபேங்க்.காம்' என்பது வங்கியுடையதுதான், ஏனென்றால் கடைசி இரண்டு துண்டுகள் மைபேங்க், காம். 'மைபேங்க்.காம்.லாகின்செக்.நெட்' என்பது வங்கியுடையது அல்ல. அதன் கடைசி இரண்டு துண்டுகள் லாகின்செக், நெட். அந்தப் பெயரை வாங்கியவர் அதற்கு இடப்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் கண் இடமிருந்து வலமாகப் படித்து, பழகிய பெயர் வந்ததும் நின்றுவிடும் என்பதை நம்பித்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. சில நாடுகளின் முகவரிகள் இரண்டு துண்டு வாலோடு முடியும், அங்கே மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

இதற்கும் மேலே போய், லத்தீன் (ஆங்கில) எழுத்தைப் போலவே தோன்றும், ரஷ்ய மொழியில் புழங்கும் சிரிலிக் எழுத்துகளைக் கலந்து முகவரி வாங்குகிறவர்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தெரியும் ஒன்றை இப்படி உருவாக்க முடியும் என்று 2017இல் செய்து காட்டினார்கள். பிரவுசர்கள் அதன்பின் கெடுபிடியைக் கூட்டின. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் எல்லை இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கண்ணைவிட நல்ல காவலாளி பாஸ்வேர்டு மேனேஜர். பாஸ்வேர்டுகளைக் குறியாக்கிச் சேமித்து, உரிய தளத்தில் தானே நிரப்பித் தரும் மென்பொருள் அது. நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை என்பதற்காகவே பலரும் இதைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அது முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. போலித் தளம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் அது பாஸ்வேர்டைக் கொடுக்காமல் சும்மா இருக்கும். "இன்றைக்கு என்னவோ வேலை செய்யவில்லை" என்று அலுத்துக்கொண்டு கையால் நகலெடுத்து ஒட்டுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அது பேசாமல் இருந்தால் முகவரியை மறுபடி படியுங்கள்.

போலித் தளத்துக்கு மக்கள் எப்படிப் போகிறார்கள் என்றால், மின்னஞ்சல் இணைப்பு, குறுஞ்செய்தி இணைப்பு, அப்புறம் தேடுபொறி. கடைசியாகச் சொன்னதைப் பலரும் சந்தேகிப்பதில்லை. வங்கியின் பெயரைத் தேடி, மேலே வரும் முதல் இணைப்பைத் தட்டுவது பலரின் வழக்கம். அந்த முதல் இணைப்பு காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். நிதித் தளங்கள் உட்படப் பல நிறுவனங்களின் பெயரில் தேடுபொறியில் போலி விளம்பரங்கள் வருவதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது. ஒரு முறை சரியான முகவரியை உறுதி செய்து புக்மார்க்கில் போட்டுவைத்துக்கொண்டு, எப்போதும் அதன் வழியாகவே போனால் இந்தத் தொல்லை முழுக்க விலகும்.

சுருக்கமாக, பூட்டு இருந்தால் உறை ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். விலாசம் சரியா என்பதற்கு புக்மார்க்கும் பாஸ்வேர்டு மேனேஜரும்.

## மேசை: உங்கள் கணினிக்குள்ளேயே ஒருவர்

இதுதான் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

குறியாக்கம் எங்கே நடக்கிறது? உங்கள் பிரவுசருக்குள். நீங்கள் பாஸ்வேர்டை அடிக்கும்போது அது சாதாரண எழுத்தாகவே கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகுதான் பிரவுசர் அதைக் குறியாக்கி வெளியே விடுகிறது. கணினியில் மால்வேர், அதாவது கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள், புகுந்திருந்தால் அது பிரவுசருக்குள் நுழைந்து குறியாக்கத்துக்கு முந்தைய அந்தக் கணத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். 2007இல் கண்டறியப்பட்ட சியூஸ் என்ற மால்வேர் இந்த முறைக்குப் பேர்போனது.

அது படிப்பதோடு நிற்கவில்லை. வங்கியிலிருந்து வரும் பக்கம் திரைக்குப் போவதற்கு முன், அதில் கூடுதல் பெட்டிகளைச் செருகும். வழக்கமான லாகின் பக்கத்தில் அட்டை எண்ணும் ரகசிய எண்ணும் கேட்கும் இரண்டு புதிய பெட்டிகள் இருக்கும். முகவரி உண்மையானது, சான்றிதழ் உண்மையானது, பக்கமும் வங்கியே அனுப்பியது. பெட்டிகள் மட்டும் உங்கள் கணினியிலேயே சேர்க்கப்பட்டவை. முந்தைய பகுதியில் சொன்ன எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும்.

2009இல் வெளிப்பட்ட யுஆர்எல்சோன் என்ற மால்வேர் ஒரு படி மேலே போனது. பணத்தை எடுத்தபின், கணக்கில் காட்டும் இருப்புத் தொகையையும் திரையில் மாற்றிவிட்டது. ஜெர்மன் வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் போன பிறகும் பழைய இருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணினித் திரையில் தெரிவது கணக்கு அல்ல, கணக்கைப் பற்றி அந்தக் கணினி வரைந்து காட்டும் படம். கணினி கெட்டிருந்தால் படமும் கெட்டிருக்கலாம். வேறொரு கருவியில் அவ்வப்போது இருப்பைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சில வங்கிகள் லாகின் பக்கத்தில் திரை விசைப்பலகை வைத்திருக்கும், மவுஸால் தட்ட வேண்டும். விசைப்பலகையில் அழுத்துவதை மட்டும் பதிவு செய்யும் பழைய மால்வேருக்கு எதிராக அது உதவும். பிரவுசருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதற்கு நீங்கள் எதால் தட்டினாலும் ஒன்றுதான்.

நம்பகப் பட்டியல் கணினியிலேயே இருக்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதையே மாற்றும் தந்திரமும் உண்டு. 2014இல் பேசப்பட்ட ரெட்டெஃபே என்ற மால்வேர், தன் சொந்தச் சான்றளிப்பு நிறுவனத்தை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, வங்கி முகவரிக்குப் போகும் போக்குவரத்தைப் போலி சர்வருக்குத் திருப்பியது. முகவரிப் பட்டையில் சரியான முகவரியும் பூட்டும் தெரிந்தன, போய்ச் சேர்ந்த இடம் மட்டும் வேறு. விஷமம் இல்லாமலும் இப்படி நடந்திருக்கிறது. லெனோவோ நிறுவனம் சில மடிக்கணினிகளில் முன்பே நிறுவி விற்ற சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பக்கங்களுக்குள் விளம்பரம் செருகுவதற்காக இதே வேலையைச் செய்தது 2015இல் தெரியவந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவியைப் பயன்படுத்தியதால், அதை எடுத்தவர் யாரும் அந்தக் கணினிகளை ஏமாற்றலாம் என்ற நிலை.

இன்று அதிகம் புழங்குவது தகவல் திருடி வகை மால்வேர். கணினியில் நிரந்தரமாகத் தங்க வேண்டும் என்றுகூட அதற்கு அவசியமில்லை. ஒரு முறை ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் மூட்டை கட்டி அனுப்பிவிடும். குக்கி என்பது நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளம் அடையாளம் காண்பதற்காக பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. வங்கிகள் சில நிமிடம் அசையாமல் இருந்தாலே வெளியேற்றிவிடுவதால் வங்கிக் குக்கிக்கு ஆயுள் குறைவு. மின்னஞ்சல் அப்படியில்லை, மாதக்கணக்கில் லாகினிலேயே இருக்கும். மின்னஞ்சல் கையில் இருந்தால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றக் கேட்கலாம். இந்த வகை மால்வேர் பெரும்பாலும் எதன் வழியாக வருகிறது என்று கேட்டால், காசு கொடுக்க வேண்டிய மென்பொருளை ஓசியில் ஓட்டுவதற்கான கிராக் கோப்புகள் முன்வரிசையில் நிற்கும். அந்தக் கோப்பே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று சொல்லும், நாமும் அணைப்போம்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள். "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டு, நாமும் கொடுத்துவிட்டால், வங்கிப் பக்கமும் அந்த எல்லாவற்றில் ஒன்று. இன்று நல்லதாக இருக்கும் எக்ஸ்டென்ஷனை நாளை வேறொருவர் விலைக்கு வாங்கி, அப்டேட் வழியாக வேறு எதையாவது அனுப்பலாம். சத்தமில்லாமல் வந்து சேரும்.

கடைசியாக, மால்வேரே தேவைப்படாத ஒன்று. "உங்கள் கணினியில் கோளாறு" என்றோ "உங்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டும்" என்றோ அழைப்பு வரும். தொலைவிலிருந்து திரையை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியான மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அவை முறையான மென்பொருள்கள்தான், ஆன்டிவைரஸ் எதுவும் சொல்லாது. பிறகு உங்களையே வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லி, பிரவுசரில் தெரியும் எண்ணை அங்கேயே திருத்தி, "பாருங்கள், தவறுதலாகக் கூடுதல் பணம் போட்டுவிட்டோம், திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். எந்த வங்கியும் உங்கள் திரையைப் பார்க்கக் கேட்காது.

ஆக, மேசை கெட்டால் வழியும் விலாசமும் சரியாக இருந்தும் பயன் இல்லை. முழு முயற்சியும் கணினியைச் சுத்தமாக வைத்திருப்பதில்தான் இருக்க வேண்டும்.

## ஓடிபி எங்கே உதவும்

ஓடிபி என்பது ஒரு முறை மட்டும் செல்லும் குறியெண். பாஸ்வேர்டு திருடு போனாலும் கைபேசி உங்களிடம் இருக்கிறதே என்ற எண்ணத்தில் வந்தது. பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் போலித் தளம் உங்கள் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாங்கிய நொடியிலேயே உண்மையான வங்கித் தளத்தில் போட்டுவிட முடியும். அந்த எண்ணை யார் அடித்தார்கள் என்று வங்கிக்குத் தெரிய வழியில்லை. உங்கள் எண்ணுக்கு மோசடியாக வேறொரு சிம் வாங்கி, குறுஞ்செய்தியைத் தங்கள் கைக்கு வரவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் செய்தி முழுவதையும் படிக்க வேண்டும். எவ்வளவு தொகை, யாருக்கு என்று அதில் எழுதியிருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிக நேர்மையான தகவல். கணினித் திரை பொய் சொல்லலாம் என்று பார்த்தோம். வேறொரு கருவியில் வரும் செய்தியை அந்தக் கணினியால் மாற்ற முடியாது. தொகையோடும் பெறுபவரோடும் குறியெண்ணைப் பிணைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த விதிகளால் கட்டாயமாக்கியது. இதில் ஒரு விஷயம்: கைபேசிக் குறுஞ்செய்திகளைக் கணினியிலேயே பார்க்கும் வசதியை இயக்கி வைத்திருந்தால், இரண்டு கருவிகள் என்ற பிரிவே அழிந்துவிடுகிறது. வசதியானதுதான், ஆனால் வங்கிக்குப் பயன்படுத்தும் கணினியில் வேண்டாம்.

பாஸ்கீ என்ற புதிய முறை இன்னும் நல்லது. உங்கள் கருவிக்குள் இருக்கும் ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு லாகினில் கையெழுத்திடும் முறை அது. இதன் அடிப்படைத் தரம் 2019 மார்ச்சில் இறுதியானது. அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட இணைய முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், போலி முகவரியில் அது வேலையே செய்யாது. நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. உங்கள் வங்கி தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லாகினுக்குப் பிறகு பிரவுசருக்குள் நடக்கும் தில்லுமுல்லை மட்டும் அதனால் தடுக்க முடியாது, அங்கே தொகையைக் காட்டும் உறுதிச் செய்திதான் துணை.

## எதில் நேரம் செலவிடுவது

முதலில், பயன் குறைவானவை. மறைநிலை (இன்காக்னிட்டோ) முறையில் திறப்பது கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், மால்வேருக்கு எதிராக ஒன்றும் செய்யாது. மாதம் ஒரு முறை பாஸ்வேர்டு மாற்றுவதும் அப்படித்தான். காரணமில்லாமல் மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டிவைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

பயன் அதிகம் தருவது அப்டேட். மால்வேர் நுழைய உதவும் ஓட்டைகளை அடைப்பது அதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராமல் இன்னும் அதிலேயே இருக்கும் கணினியில் வங்கி வேலை பார்ப்பது சரியில்லை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸே பெரும்பாலானோருக்குப் போதும், அதை அணைக்காமல் இருந்தால். அது சத்தம் போடவில்லை என்பதை மட்டும் வைத்துக் கணினி சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

அடுத்தது, செலவே இல்லாத ஒரு பழக்கம்: வங்கிக்கென்று தனியாக ஒரு பிரவுசர். அதில் எக்ஸ்டென்ஷன் என்றால் பாஸ்வேர்டு மேனேஜர் மட்டும், வங்கியின் புக்மார்க் மட்டும், வேறு எந்தத் தளமும் கிடையாது. எக்ஸ்டென்ஷன் தொல்லைக்கு இது நேரடி மருந்து. கணினியில் ஏற்கெனவே மால்வேர் இருந்தால் இது காப்பாற்றாது. பெரிய தொகைகளைக் கையாளுபவர்கள், விளையாட்டும் டவுன்லோடும் நடக்காத தனிக் கணினியை வங்கிக்கென வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு பயனர் கணக்கு, அதுவும் நிர்வாகி உரிமை இல்லாததாக.

வங்கித் தளத்தில் செய்ய வேண்டிய இரண்டு அமைப்புகளைப் பலரும் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கைபேசிக்கு அறிவிப்பு வரச் செய்வது ஒன்று. பரிமாற்ற வரம்பை உங்கள் உண்மையான தேவைக்குக் குறைத்து வைப்பது மற்றொன்று. வரம்பு குறைவாக இருந்தால், எல்லாத் தடுப்பும் உடைந்த நாளிலும் இழப்புக்கு ஓர் எல்லை இருக்கும். மின்னஞ்சல் கணக்குக்கும் வங்கிக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுங்கள்.

## ஏதோ சரியில்லை என்று தோன்றினால்

லாகின் பக்கம் திடீரென்று புதிதாக எதையாவது கேட்டால், உள்ளே போனதும் "சரிபார்க்கிறோம், சற்றுப் பொறுங்கள்" என்று வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால், நீங்கள் எதுவும் செய்யாதபோது ஓடிபி வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். ஓடிபியை எதிலும் அடிக்க வேண்டாம். கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கைபேசியிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள், அங்கேயும் போலி எண்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை முடக்கச் சொல்வதோடு, பெறுநர் பட்டியலில் புதிதாக யாராவது சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, உங்கள் கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பணம் போகாமல் இருந்தாலும், போவதற்கான ஏற்பாடு நடந்திருக்கலாம். பிறகு வேறொரு சுத்தமான கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்று பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கெட்ட கணினியிலேயே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதே கைக்குத்தான் போகும்.

கணினியை ஸ்கேன் செய்து "நீக்கப்பட்டது" என்று வந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவுவதுதான் உறுதியான வழி. பழைய கணினியிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நிரல் கோப்புகளை விட்டுவிடுங்கள். பணம் போயிருந்தால், அழிப்பதற்கு முன் சந்தேகத்துக்குரிய திரையைக் கைபேசியில் படம் எடுத்து, வந்த மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பரிவர்த்தனைக் குறிப்பு எண் எல்லாவற்றையும் தனியே சேமித்து வையுங்கள். வங்கியும் காவல்துறையும் முதலில் கேட்பது இவற்றைத்தான், கணினியைத் துடைத்த பிறகு அதிலிருந்த எதையும் திரும்ப எடுக்க முடியாது.